கோல்டு அந்தஸ்துக்காக ஒரு வெட்டிப் பயணம் போகலாமா?

கேள்வி: வேலை விஷயமாக அடிக்கடி விமானத்தில் போகிறேன். ஒரே விமான நிறுவனத்தில் 2,40,000 மைல்ஸ் (பயணிகளுக்கு நிறுவனம் தரும் புள்ளிகள்; இவற்றைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்) சேர்ந்திருக்கிறது; ஓய்வு பெற்றபின் செலவழிக்கலாம் என்று தொடவில்லை. அடிக்கடி பறப்பவர்களுக்குக் கூடுதல் சலுகை தரும் கோல்டு அந்தஸ்துக்குக் கொஞ்சம்தான் குறைகிறது. வருடம் முடிவதற்குள் சும்மா ஒருமுறை போய்த் திரும்பட்டுமா? டிக்கெட்டை கிரெடிட் கார்டில் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுவேன்.

பதில்: கடைசி வரியைப் படித்ததும் பகீரென்றது. கார்டு செலவில் மைல்ஸாகத் திரும்பி வருவது பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான். பாக்கி வைத்தால் ஓரிரு மாத வட்டியே அதை விழுங்கிவிடும். மொத்தமாகக் கட்டக் கையில் பணம் இல்லையென்றால் இந்தப் பயணம் வேண்டாம்.

சரி, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் மைல்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்குத்தான் மைல்ஸ். மலிவு டிக்கெட்டில் வெகுதூரம் போய்வந்தவருக்கு லாபம். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும் டிக்கெட் விலைக்கேற்ப மைல்ஸ் என்று மாற்றிவிட்டன. அந்தஸ்துக்கும் செலவுக் கணக்கையே பார்க்கும் நிறுவனங்கள் இப்போது உண்டு; உங்களுடையது எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். கோல்டில் கிடைப்பது லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை), கூடுதல் லக்கேஜ், முன்னதாக ஏறும் வரிசை. அலுவலகம் பிசினஸ் கிளாஸில் அனுப்பினால் இதெல்லாம் ஏற்கெனவே உங்களுக்கு உண்டே! அடுத்த வருடமும் இதே அளவு பயணம், அதுவும் எகானமியில், உறுதி என்றால் மட்டும் யோசிக்கலாம்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை அந்த 2,40,000. மைல்ஸுக்கு வட்டி கிடையாது. மதிப்பைக் குறைக்கும் பிடி முழுக்க நிறுவனத்தின் கையில். குடும்பத்தோடு போக நானும் இரண்டு வருடம் சேர்த்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால், 60,000 மைல்ஸ் கேட்ட இருக்கை 85,000 கேட்கிறது. அதே வழி, அதே இருக்கை. ஜெர்மனியின் ஏர் பெர்லின் விமான நிறுவனம் 2017 ஆகஸ்டில் திவாலானபோது, அதன் மைல்ஸ் திட்டமான டாப்போனஸின் உறுப்பினர்களின் மைல்ஸ் அப்படியே முடங்கிப்போனது.

ஆகவே ஓய்வுக்காலம்வரை காத்திருக்காதீர்கள். போக நினைக்கும் டிக்கெட்டின் ரொக்க விலையிலிருந்து, மைல்ஸில் எடுத்தாலும் கட்டவேண்டிய வரியையும் கட்டணத்தையும் கழியுங்கள். மீதியை, கேட்கும் மைல்ஸால் வகுங்கள்; ஒரு மைலுக்குக் கிடைக்கும் மதிப்பு அதுதான். நான்கைந்து தேதிகளுக்குப் போட்டுப் பார்த்தால் எது நல்ல பேரம் என்று பிடிபட்டுவிடும். டிக்கெட்டுக்குப் பதிலாக மைல்ஸுக்கு மிக்ஸி, வவுச்சர் என்று காட்டும் பட்டியல் பக்கம் போகாதீர்கள். மதிப்பு பெரும்பாலும் அங்கேதான் அடிவாங்கும். மைல்ஸுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் கொஞ்சம்தான். அதனால் தேதியில் மட்டும் நீங்கள் இறங்கிவர வேண்டியிருக்கும்.