கிரேஸ் அனாட்டமி தொடரில் ‘நிறம் பாராத நடிகர் தேர்வு’ என்கிறார்களே, அது என்ன?

கதாபாத்திரம் எந்த இனத்தவர் என்று திரைக்கதையில் எழுதாமலே நடிகரைத் தேடுவதுதான் அது. எழுதாவிட்டால் வெள்ளையர்தான் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலம் இருந்தது. 2005-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கிய இந்த மருத்துவமனைத் தொடரில், அதை உருவாக்கிய ஷோண்டா ரைம்ஸ் அந்தப் பழக்கத்தை உடைத்தார். மருத்துவர் மிராண்டா பெய்லியைப் பொன்னிறக் கூந்தல் கொண்ட குள்ளமான பெண்ணாகத்தான் முதலில் நினைத்திருந்தார்; கறுப்பின நடிகை சாண்ட்ரா வில்சன் நடித்துக் காட்டி அந்த வேடத்தைத் தனதாக்கிக்கொண்டார். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பிடித்த பாத்திரமும் அதுதான்.

பொதுத்தேர்வு விடைத்தாளில் பெயரை மறைத்து டம்மி எண் போட்டுத் திருத்துகிறோமே, கிட்டத்தட்ட அப்படி. இங்கே முகம் தெரியும். ஆனால் அதற்காக மதிப்பெண் குறையாது.

நிறம் பாராமல் தேர்ந்தெடுத்தால் கதையும் நிறவெறியைப் பேசாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: போலீஸ் நிறுத்தினால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இதே பெய்லி தன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் காட்சி 2018-ல் வந்தது.