ஓ.டி. டியூட்டியில அழுற பொண்ணை இப்பவே வார்டுக்கு மாத்தலாமா?

அம்மா, உங்க பொண்ணு பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு ஆபரேஷன் தியேட்டர்ல, அதாவது ஓ.டி.ல, சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள தினமும் ராத்திரி ஃபோன்ல அழுவுறா, சர்ஜன் திட்டுறாரு, வார்டுக்கு மாத்திக்கச் சொல்லவா இல்ல வேலைய விட்டுட்டு வெளிநாடு போக ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் பரீட்சைக்கு படிக்கச் சொல்லவான்னு கேட்டிருக்கீங்க. நான் சொல்றது, இப்ப மாத்த வேணாம், ஒரு ஆறு மாசமாவது அங்கேயே இருக்கட்டும்.

நாலு வருஷ படிப்புல ஓ.டி. போஸ்டிங் சில வாரம்தான் வரும், அதுலயும் பாதி நேரம் ஓரமா நின்னு பாக்குறதோட சரி. வார்டு வேலை ஓரளவு கைக்கு வந்திருக்கும், தியேட்டர்ல எல்லாமே புதுசு. சர்ஜன் மெட்சன்பாம் கத்திரி கேக்கும்போது மேயோ கத்திரிய நீட்டினா சத்தம் வரத்தான் செய்யும், அது பொண்ணுக்கு அறிவு இல்லாததால இல்ல, பழக்கம் இல்லாததால. கேஸ் முடிஞ்சதும் கருவி செட்டு கழுவி, எண்ணி, ஆட்டோகிளேவுக்கு (நீராவில கிருமி நீக்குற மெஷினுக்கு) பேக் பண்ணுவாங்க பாருங்க, அங்க தினம் அரை மணி நேரம் போய் நிக்கச் சொல்லுங்க. அல்லிஸ், பாப்காக், கோக்கர்னு பிடிக்குற கருவிங்க எல்லாம் கையில எடுத்து அடுக்கினாத்தான் பேரு மனசுல தங்கும், புக்ல படம் பாத்து தங்காது. பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும், எந்த சர்ஜனுக்கு கிளவுஸ் ஆறரையா ஏழரையா, தோலுக்கு என்ன தையல் நூல் கேப்பாரு, எந்த பக்கம் நிப்பாரு, எல்லாம் அன்னன்னைக்கே எழுதிடணும். நீடில் ஹோல்டர்ல ஊசிய மாட்டி, அவரு தலை நிமிராமலே உள்ளங்கையில சரியா உக்கார்ற மாதிரி குடுக்க வந்துடுச்சுன்னா பாதி திட்டு தானா நின்னுடும்.

ஆனா இதையெல்லாம் விட முக்கியம் கவுண்ட். வயித்தைத் திறக்குறதுக்கு முன்னாடி மாப் (ரத்தம் ஒத்துற துணி), காஸ், ஊசி எல்லாத்தையும் ஸ்க்ரப் நர்ஸும் (கை கழுவி கிளவுஸ் போட்டு சர்ஜனுக்கு கருவி குடுக்குறவங்க) சர்க்குலேட்டிங் நர்ஸும் (வெளிய நின்னு வேண்டியதை எடுத்துக் குடுக்குறவங்க) சேர்ந்து வாய்விட்டு எண்ணணும், மூடுறதுக்கு முன்னாடி ஒருதடவை, தோல் தைக்கும்போது இன்னொரு தடவை. ரத்தத்துல நனைஞ்ச மாப் சுருங்கி குடலோட குடலா ஒட்டிக்கிச்சுன்னா கண்ணுக்கே தெரியாது, அதுக்குத்தான் எக்ஸ்ரேல தெரியுற நூல் வச்சு நெய்யுறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டுவந்த 19 பாயிண்ட் செக்லிஸ்ட்ல, பேஷண்ட் தியேட்டரை விட்டு வெளிய போறதுக்கு முன்னாடி கவுண்ட் சரின்னு வாய்விட்டு சொல்ற பொறுப்ப நர்ஸுக்குத்தான் குடுத்திருக்காங்க. எண்ணிக்கைல ஒண்ணு குறைஞ்சா, சர்ஜன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அவரோட அவசரத்துக்கு அவ பயப்படாம "சார், ஒரு மாப் குறையுது, மூட வேணாம்"னு சொல்லணும். இந்த தைரியம் வந்த அன்னைக்குத்தான் அவ ஓ.டி. நர்ஸ். அழுறப்ப இதை அவளுக்கு சொல்லுங்க.

திட்டு வேற, அத்துமீறல் வேற, இதுல நான் கறாரா இருப்பேன். இன்ஸ்ட்ருமென்ட்ட வீசுறது, அசிங்கமா பேசுறது எல்லாம் பொறுத்துக்குற விஷயமே இல்ல, தேதி நேரம் போட்டு நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு எழுத்துல குடுக்கணும். பாலியல் தொல்லைன்னா 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல உள்ளக புகார் கமிட்டி கட்டாயம் இருக்கணும், நேரா அங்க போகலாம்.

வெளிநாடு ஆசை இருந்தா இருக்கட்டும், லீவு நாள்ல ஐ.இ.எல்.டி.எஸ். இல்லன்னா மருத்துவத் துறைக்கான இங்கிலீஷ் பரீட்சையான ஓ.இ.டி. படிக்கட்டும், ரெண்டையுமே பிரிட்டன்ல ஏத்துக்குறாங்க, ஆனா வேலைய விட்டுட்டு வேணாம், அனுபவம் இருந்தாத்தான் பேச்சே எடுபடும். இங்கயே வளரணும்னா இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தோட ஆபரேஷன் ரூம் நர்சிங்ல ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கு, அப்புறம் கார்டியாக், நியூரோன்னு போகலாம்.

இன்னைக்கு ஃபோன் வந்தா முதல்ல ஹெபடைடிஸ் பி ஊசி மூணு டோஸும் போட்டாச்சான்னு கேளுங்க. பேஷண்டுக்கு பயன்படுத்துன ஊசி கையில குத்திடுச்சுன்னா யார்கிட்டயும் சொல்லாம மறைக்கக் கூடாது, சோப்புத் தண்ணில கழுவிட்டு உடனே ரிப்போர்ட் பண்ணணும், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா சில மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்குறதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டவே கூடாது. காலைல சாப்பிடாம பெரிய கேஸுக்கு ஸ்க்ரப் ஆகாதன்னும் சொல்லிடுங்க, புதுசா வர்ற பிள்ளைங்க நிறைய பேரு அதனாலதான் மயங்கி விழுறாங்க.