19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கொள்ளையர்களான யங்கர் சகோதரர்களின் அப்பா பெரிய வியாபாரியாமே, பிள்ளைகள் ஏன் கொள்ளையர்கள் ஆனார்கள்?

ஆமாம், நல்ல வசதியான குடும்பம்தான். ஹென்றி வாஷிங்டன் யங்கர், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கன்சாஸ் எல்லையை ஒட்டிய ஹாரிசன்வில் ஊரில் பெரிய புள்ளி. கடை, வாடகைக் குதிரை லாயம், அரசாங்கத் தபாலைக் கொண்டு சேர்க்கும் குத்தகை, அதோடு ஊர் மேயர் பதவி வேறு. 14 பிள்ளைகள். அடிமைகளை வைத்து வேலை வாங்கியவர் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் நாடு இரண்டாக உடையக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

அந்த உறுதி அவரைக் காப்பாற்றவில்லை. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-லேயே, நாடு உடையக் கூடாது என்ற அதே வடதரப்பைச் சேர்ந்த கன்சாஸ் படையினர் லாயத்துக் குதிரைகளையும் வண்டிகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். 1862 ஜூலையில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இடுப்பு வாரில் முடிந்து வைத்திருந்த பெருந்தொகை கொலையாளிகள் கண்ணில் படவே இல்லை. சந்தேகம் வடதரப்புப் படை கேப்டன் ஐர்வின் வாலி மேல் விழுந்தது. வாலிக்கும் ஹென்றியின் மகன் கோலுக்கும் அதற்கு முன்பே ஒரு நடன விருந்தில் தகராறு. அடுத்த குளிர்காலத்தில் ஹென்றியின் விதவை பெர்ஷெபாவை, அவர் கையாலேயே வீட்டைக் கொளுத்த வடதரப்புப் படையினர் வைத்தார்கள் என்று கோல் பின்னாளில் எழுதினார்.

படிக்கும்போதே வயிறு எரிகிறது. அப்பாவின் சாவுக்குப் பழிவாங்கக் கிளம்பினார்கள் என்று பலரும் அதோடு முடித்துவிடுகிறார்கள். அதைத்தான் நான் ஏற்கவில்லை. கோல், அப்பா சாவதற்கு முன்பே தென்தரப்புக்காகச் சண்டையிட்ட குவான்ட்ரிலின் கெரில்லாக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். 1865-ல் போர் முடிந்ததும், அதே எல்லையில் வீடு வாசல் இழந்த எத்தனையோ குடும்பங்கள் மறுபடி ஏர் பூட்டின. கோல், ஜிம், ஜான், பாப் நால்வரும் ஜெஸ்ஸி, ஃபிராங்க் என்ற ஜேம்ஸ் சகோதரர்களோடு கொள்ளைக்குப் போனார்கள். ஜான் 1874-ல் துப்பறிவாளர்களோடு நடந்த மோதலில் செத்தார். மற்ற மூவரும் 1876 செப்டம்பரில் மினசோட்டாவின் நார்த்ஃபீல்டு வங்கிக் கொள்ளைக்குப் பிறகு பிடிபட்டார்கள். பெட்டகத்தைத் திறக்க மறுத்த வங்கி ஊழியர் ஜோசப் ஹேவுட்டை அந்தக் கும்பல் அங்கேயே சுட்டுக் கொன்றது. அவருக்கு ஒரு சின்னப் பெண் குழந்தை இருந்தாள். அந்தக் குழந்தையின் அப்பா இவர்களுக்கு என்ன செய்தார்?

இன்னொன்றையும் பாருங்கள். ஹென்றியின் அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த தங்கை அடலைன், டால்டன் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய பிள்ளைகள்தான் 1892-ல் கன்சாஸின் காஃபிவில்லில் ஒரே நேரத்தில் இரண்டு வங்கிகளுக்குள் புகுந்த டால்டன் கும்பல். அவர்களுடைய அப்பாவை யாரும் சுடவில்லை.