புலம்பெயர்ந்த கலைஞர்கள் தங்கள் பண்பாட்டை அழகாகக் காட்டாமல், பார்ப்பவரைச் சங்கடப்படுத்தும் நிகழ்த்துக் கலையை (தம் உடலையும் செயலையுமே படைப்பாக்கும் கலையை) ஏன் நாடுகிறார்கள்?

"நடனம், இசை, உடை என்று காட்டினாலே உலகம் கவனிக்குமே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கவனிக்கும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வேறு நிறத்தோடும் வேறு பெயரோடும் அந்நிய மண்ணில் வாழ்பவரை ஊர் ஏற்கெனவே உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பார்வைக்கு மேலும் அலங்காரம் செய்து கொடுப்பதில் எல்லாருக்கும் விருப்பம் இருப்பதில்லை. பார்க்கிறவரையே காட்சிப் பொருளாக்கினால் என்ன என்று சிலருக்குத் தோன்றுகிறது.

கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 500ஆம் ஆண்டு விழாக்கள் நடந்துகொண்டிருந்த 1992இல், கியூப வம்சாவளியைச் சேர்ந்த கோகோ ஃபுஸ்கோவும் மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கியர்மோ கோமஸ் பேன்யாவும் ஒரு கூண்டுக்குள் புகுந்துகொண்டார்கள். மெக்சிகோ வளைகுடாவில், வெளியுலகம் அறியாத ஒரு தீவின் பழங்குடிகள் இவர்கள் என்றது அறிவிப்புப் பலகை. அப்படி ஒரு தீவே கிடையாது. புல் பாவாடை கட்டிய ஃபுஸ்கோ கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். கூண்டுக்குள் தொலைக்காட்சி இருந்தது, மடிக்கணினியும் இருந்தது. காசு போட்டால் ஃபுஸ்கோ ஆடுவார். கோமஸ் பேன்யா, உலகில் இல்லாத மொழி ஒன்றில் கதை சொல்வார். மாட்ரிட், லண்டன், வாஷிங்டன் என்று கூண்டு ஊர் ஊராகப் போனது. இவ்வளவு அப்பட்டமான பகடியை யார்தான் நம்புவார்கள்? பலர் நம்பினார்கள். சிலர் கொதித்துப் போய்ப் புகார் சொன்னார்கள். வேறு சிலர் கூண்டருகே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் கூண்டைவிடச் சுற்றி நிற்கும் கூட்டத்தின் மீதே போகிறது. இதை ஒரு மேடை நடனத்தால் செய்திருக்க முடியாது.

அதற்காக நடனத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. சென்னையில் பிறந்த நடன அமைப்பாளர் ஷோபனா ஜெயசிங், 1988இல் லண்டனில் தொடங்கிய குழுவில், பரதத்தின் அசைவுகளை வைத்துக்கொண்டே "கீழைநாட்டு அழகு" என்ற எதிர்பார்ப்பைக் கழற்றி வைத்தார். அதுவும் திருப்பிக் கேட்கிற கேள்விதான். மாறாக, பழைய பெட்டி, பாட்டியின் புடவை, கிழிந்த கடவுச்சீட்டு ஆகியவற்றைத் தரையில் பரப்பி நடுவில் மௌனமாக உட்காரும் நிகழ்வுகளை நிறையப் பார்த்துவிட்டேன். சங்கடமும் இல்லை, அழகும் இல்லை. அவற்றின் மீது உங்களுக்கு எரிச்சல் என்றால் நானும் உங்கள் பக்கம்தான்.

கவனிக்கப்படுவது எல்லாருக்கும் நல்லதா என்பது இன்னொரு விஷயம். தைவானில் பிறந்த நிகழ்த்துக் கலைஞர் டெஹ்சிங் ஷே, 1974இல் கப்பல் ஊழியராக அமெரிக்கக் கரைக்கு வந்து, அப்படியே இறங்கிப் போய்விட்டார். 1988இல் பொதுமன்னிப்பு கிடைக்கும்வரை அவரிடம் உரிய ஆவணங்கள் இல்லை. யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டிய மனிதர், குடியேற்றத் துறையால் தேடப்படுபவர் என்று தம் படத்தோடும் கைரேகையோடும் 1978இல் தாமே சுவரொட்டி தயாரித்தார்! பிறகு 1980 ஏப்ரல் முதல் ஓராண்டு, இரவு பகல் பாராமல் மணிக்கு ஒருமுறை, தொழிற்சாலைகளில் வருகை பதியும் கடிகாரத்தில் அட்டையைச் செருகினார். 8,760 முறையில் தவறியவை 133. ஒவ்வொரு முறையும் ஒரு புகைப்படம். தொடக்கத்தில் மழித்த தலை, முடிவில் தோளைத் தொடும் முடி. அடுத்த படைப்பில் கூரையுள்ள எந்த இடத்திலும் நுழையாமல் ஓராண்டு நியூயார்க் தெருக்களில் கழித்தார். போலீஸ் பிடித்துச் சென்ற சில மணி நேரம் மட்டும் விதிவிலக்கு.

இவற்றில் தைவான் எங்கே இருக்கிறது? உடையில் இல்லை, இசையில் இல்லை. ஆனால் ஆவணமற்ற தொழிலாளியின் நாள் எப்படி நகரும் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன படைப்பு எதுவும் எனக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், ஷேயைக் கேட்டால் தம் படைப்புகள் காலத்தைப் பற்றியவை என்பார்; குடியேறி என்ற சட்டகத்துக்குள் தம்மை அடைப்பதை அவர் விரும்புவதில்லை. உங்கள் கேள்வியில் "தங்கள் பண்பாட்டை" என்ற எதிர்பார்ப்பு இருக்கிறதே, அதையே இந்தக் கலைஞர்களில் பலர் பெரிய சுமையாக நினைக்கிறார்கள். பெரும்பான்மை இனத்துக் கலைஞர் ஒருவர் ஓராண்டு கடிகாரத்தின் முன் நின்றால் காலத்தைப் பற்றிய படைப்பு என்று எழுதும் விமர்சகர்கள், குடியேறியவர் நின்றால் உடனே அவர் எந்த நாடு என்றுதான் விசாரிக்கிறார்கள்.