ஸ்னஃபியும் எல்மோவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எண்பதுகளில் நான் பார்த்து வளர்ந்த அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சி ‘செசமி ஸ்ட்ரீட்’. பொம்மைகளும் மனிதர்களும் ஒரே தெருவில் வாழும் அதை என் மகளுக்குக் காட்ட உட்கார்ந்தேன். ஒரு மணி நேர நிகழ்ச்சி அரை மணி நேரமாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் எல்மோ என்ற அந்தச் சிவப்புப் பொம்மை. பெரியவர்களும் ரசித்த ஒன்றை ஏன் இப்படி ஆக்கிவிட்டார்கள்?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தத் தெரு மாறாமல் இருந்த காலமே கிடையாது. 1969 நவம்பரில் முதல் ஒளிபரப்புக்கு முன்பே மாறிவிட்டது. பொம்மைகளையும் மனிதர்களையும் கலந்தால் குழந்தைகள் குழம்புவார்கள் என்று நிபுணர்கள் சொன்னதால், தெருக் காட்சிகளில் முதலில் மனிதர்கள் மட்டுமே இருந்தார்கள். ஃபிலடெல்ஃபியாவில் பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்தபோது, பொம்மைகளை விழுங்குவதுபோல் பார்த்தவர்கள் தெரு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம்தான் பொம்மைகளான பிக் பேர்டும் ஆஸ்கரும் தெருவுக்கு வந்தார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்னஃபியின் கதை. பிக் பேர்டின் அந்தப் பிரம்மாண்டமான நண்பன், பெரியவர்கள் வரும் நேரம் பார்த்து நகர்ந்துவிடுவான். இப்போதுதான் இங்கே இருந்தான் என்று பிக் பேர்ட் எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். 1971 முதல் ஓடிய வேடிக்கை இது, பெரியவர்களும் ரசித்தார்கள். எண்பதுகளில் குழந்தைகள் மீதான பாலியல் வன்முறை பற்றி அமெரிக்காவில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள். உண்மை சொல்கிறவனைப் பெரியவர்கள் நம்பாததையே திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு குழந்தை, தனக்கு ஏதாவது நடந்தால் வாயைத் திறக்குமா? இந்தக் கவலையில்தான் 1985-இல் தெருவாசிகள் ஸ்னஃபியை நேரில் பார்க்கும்படி செய்தார்கள். இனி நீ சொன்னால் நம்புவோம் என்று பிக் பேர்டிடம் சொல்லவும் வைத்தார்கள். எங்கோ இருக்கும் ஒரு குழந்தைக்காக, பதினான்கு வருடம் ஓடிய வேடிக்கையை விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் மேல் எனக்குள்ள மரியாதை அங்கேதான் தொடங்குகிறது.

எல்மோ விஷயமும் அப்படித்தான். தொண்ணூறுகளில் பார்ப்பவர்களின் வயது இறங்கிவிட்டது. மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளுக்குத் துண்டு துண்டான காட்சிகள் பிடிபடாது. அவர்களுக்காக 1998-இல் ஒரே இடம், ஒரே பொருள் என்று எல்மோவுக்குத் தனிப் பகுதி வந்தது. சில நாள் அவன் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்தால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதால்தான் பெரியவர்களுக்கான கிண்டல்களை ஆரம்பத்தில் வேண்டுமென்றே சேர்த்தார்கள். அது குறைந்தது இழப்பு. அதில் உங்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன்.

ஆனால் என் கோபம் வேறு இடத்தில். மழலையர் பள்ளிக்கு வழியில்லாத ஏழைக் குழந்தைகளும் எழுத்தும் எண்ணும் தெரிந்து பள்ளிக்குப் போக வேண்டும் என்றுதான் ஜோன் கான்ஸ் கூனியும் லாயிட் மோரிசெட்டும் இதைத் தொடங்கினார்கள். 2016-இல் புதிய பகுதிகள் கட்டணச் சேனலான எச்பிஓவுக்கு முதலில் போயின. இலவசமாகப் பார்க்கும் பிபிஎஸ்ஸுக்கு ஒன்பது மாதம் கழித்துத்தான் வந்தன. டிவிடி விற்பனை சரிந்து பணம் இல்லை என்பது உண்மையான காரணம்தான். இருந்தும், யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்களை வரிசையின் கடைசியில் நிற்க வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 2025-இல் நெட்ஃப்ளிக்ஸோடு செய்த ஒப்பந்தத்தில், பிபிஎஸ்ஸிலும் அதே நாளில் வரும் என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி.