ஒரே நாளில் இம்பிளாண்ட் வைத்து நிலையான பல் கட்ட முடியுமா?

முடியும், ஆனால் எல்லாருக்கும் முடியாது. இம்பிளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் பொருத்தும் டைட்டானியம் திருகு. மேலே கட்டும் பல்லுக்கு அதுதான் வேர். எலும்பு இந்த உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று கண்டறிந்தவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க். 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்தக் காலத்தில் திருகை வைத்து ஈறைத் தைத்து மூடிவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்துதான் பல் கட்டுவார்கள்.

காரணம் இதுதான்: எலும்பு பிடிப்பதற்குள் திருகு அசைந்தால், சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும். அப்புறம் திருகு நிற்காது.

சரி, இப்போது மட்டும் எப்படி? பந்தல்காலைத் தனியாக நட்டால் ஆடும். நான்கையும் மேலே குறுக்குக் கம்பால் கட்டிவிட்டால் அசையாது. அதேபோல முழுத் தாடைக்கும் நான்கு அல்லது ஆறு திருகுகள் வைத்து, எல்லாவற்றையும் ஒரே பல்வரிசையால் பிணைத்துவிடுகிறார்கள். மேல்தாடையின் பின்பக்கம் சைனஸ் என்ற காற்றறை இருப்பதால் எலும்பு குறைவு. அதனால் அங்கே திருகைச் சாய்த்து வைப்பதும் உண்டு. திருகும்போதே இறுக்கத்தை அளப்பார்கள். பொதுவாக 35 நியூட்டன் சென்டிமீட்டராவது (முறுக்கும் விசையின் அலகு) வர வேண்டும். வராவிட்டால், அன்றே பல் கட்டச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் தோல்வி வாய்ப்பு கூடுதல்.

பலரும் நினைப்பதுபோல அன்று மாட்டுவது நிரந்தரப் பல் அல்ல. பெரும்பாலும் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தற்காலிக வரிசைதான். முதல் சில வாரங்கள் இட்லி, குழைந்த சாதம் போதும்; நிரந்தர வரிசை 3 முதல் 6 மாதம் கழித்துத்தான் வரும்.