பாலிஷர் பேட் சுத்தலைன்னா கார் பெயின்ட்டில் சுழல் கீறல் போகாது

கறுப்பு காரில் டிஏ பாலிஷரை (சுத்திக்கிட்டே அதிரவும் செய்யற டூயல் ஆக்‌ஷன் மெஷின்) 3-ம் வேகத்தில் வச்சு, நல்லா அழுத்தி ஓட்டியும் வெளிச்சத்தில் வட்டவட்டமா தெரியற கீறல் அப்படியே இருக்குன்னு சொல்றீங்க. பெரும்பாலும் பேட் (மெஷின் முனையில் ஒட்டுற பாலிஷ் மெத்தை) சுத்தாம வெறுமனே அதிர்ந்துட்டு இருக்கும். பேடைத் தாங்குற தட்டான பேக்கிங் பிளேட் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்க; ஓடும்போது அது சுத்துறது தெரியணும். நின்னா அழுத்தத்தைக் குறைங்க, பேடைச் சாய்க்காதீங்க, வேகத்தை 5-க்கு ஏத்துங்க.

ஒரு தடவைக்கு 45 செ.மீ. சதுரம், பட்டாணி அளவில் 3 சொட்டு காம்பவுண்ட் (கீறலைத் தேய்ச்சு எடுக்கிற பாலிஷ் பேஸ்ட்). நொடிக்கு 2-3 செ.மீ. நகர்த்தி, சதுரம் முழுக்க 4 முதல் 6 முறை ஓட்டுங்க. ஒவ்வொரு சதுரமும் முடிஞ்சதும் பேடை பிரஷ்ஷால் தேய்ங்க. காம்பவுண்ட் அடைஞ்ச பேட் கீறலை எடுக்காது, இதைத்தான் பலரும் விட்டுடறாங்க. தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைச்சப்புறம் டார்ச் அடிச்சுப் பாருங்க. பாலிஷில் இருக்கிற எண்ணெய் கீறலை மறைச்சு ஏமாத்தும்.

பானெட் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டிடுங்க, அங்கே கிளியர் கோட் (பெயின்ட் மேல இருக்கிற நிறமில்லாத பூச்சு) மெல்லிசு.